எல்லைப்புறச் சிப்பாயின் வம்சத்தைத் தேடுவது எப்படி? லிங்கனின் தாத்தா காட்டும் வழி

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் மருமகன் அமெரிக்கர். அவருடைய பாட்டி வழியாக ஒரு கதை வந்திருக்கிறது. சுதந்திரப் போர்க் காலத்தில் எல்லைப்புறத்தில் சிப்பாயாக இருந்த ஒரு மூதாதை வெர்ஜீனியாவிலிருந்து கெண்டக்கிக்குப் போனார். படையில் இருந்ததற்காக அரசு அவருக்கு நிலம் கொடுத்தது. பிள்ளைகள் இண்டியானா, மிஸ்ஸூரி என்று இன்னும் மேற்கே போனார்கள். பேரப்பிள்ளைகளுக்காக இதை ஆதாரத்தோடு எழுதிவைக்க விரும்புகிறீர்கள். ஆனால் ராணுவப் பட்டியல் எதிலும் அவர் பெயர் அகப்படவில்லை. எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி.

பட்டியலில் பெயர் இல்லாததால் கதை பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். எல்லைப்புறத்தில் போரிட்ட பெரும்பாலோர் வாஷிங்டனின் நிரந்தரப் படையில் இருந்தவர்கள் அல்ல. மிலிஷியா என்ற ஊர்ப்படையில் இருந்தார்கள். அழைப்பு வந்தால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்ச் சில வாரமோ சில மாதமோ காவல் இருப்பார்கள், பிறகு உழவுக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்களைப் பற்றிய ஏடுகள் குறைவு. இருந்தவற்றிலும் பல அழிந்தன. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்தபோது ஆரம்பகால ஆவணங்கள் பெருமளவு எரிந்துபோயின. ஆகவே சிப்பாயாக மட்டும் அவரைத் தேடினால் பாதி வழியிலேயே நின்றுவிடுவீர்கள். நிலம் வாங்கியவராக, விற்றவராக, வரி கட்டியவராக, ஒருவருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவராகத் தேடுங்கள். எல்லைப்புற மனிதன் மேற்கே போனதே நிலத்துக்காகத்தான். அவன் கால்தடம் பத்திரங்களில்தான் இருக்கிறது.

இதை வெறுமனே சொல்வதைவிட, எல்லாரும் அறிந்த ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். ஆபிரகாம் லிங்கன் என்றால் ஜனாதிபதிதான் நினைவுக்கு வருவார். அவருடைய தாத்தாவின் பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான். 1744இல் பென்சில்வேனியாவின் இன்றைய பெர்க்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்தவர், வெர்ஜீனியாவில் வளர்ந்து மிலிஷியா கேப்டன் ஆனவர், கெண்டக்கிக்குப் போய்ச் செத்தவர். உங்கள் மருமகனின் மூதாதை நடந்த பாதையும் கிட்டத்தட்ட இதுவாகத்தான் இருக்கும்.

இந்தக் குடும்பத்தை நான் எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. தன் வம்சத்தைப் பற்றி ஜனாதிபதிக்கே சரியாகத் தெரியாது. 1859இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், தாத்தா 1781 அல்லது 82 வாக்கில் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து கெண்டக்கிக்கு வந்தார், ஓரிரு ஆண்டில் காட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது செவ்விந்தியர்களால் மறைந்திருந்து கொல்லப்பட்டார் என்கிறார். மறுவருடம் எழுதிய இன்னொரு குறிப்பில் அது 1784 வாக்கில் என்கிறார். நியூ இங்கிலாந்தில் இதே பெயரில் இருந்த குடும்பத்தோடு தன் முன்னோரை இணைக்கச் செய்த முயற்சியைப் பற்றியும் சொல்கிறார். லீவாய், மார்டெகாய், சாலமன் என்று இரு குடும்பத்திலும் ஒரே மாதிரிப் பெயர்கள் வருகின்றன, அதற்கு மேல் திட்டமாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று விட்டுவிடுகிறார். கைதேர்ந்த வழக்கறிஞர் அவர். ஆனால் பத்திரங்கள் ஐந்து மாகாணங்களின் கோர்ட் அலமாரிகளில் சிதறிக் கிடந்தன, அவர் காலத்தில் அவற்றை யாரும் ஒன்றுசேர்க்கவில்லை.

பிற்பாடு வந்தவர்கள் சேர்த்தார்கள். 1637இல் இங்கிலாந்தின் ஹிங்கமிலிருந்து சாமுவேல் லிங்கன் என்ற நெசவு வேலைக்காரர் மாசச்சூசெட்ஸுக்கு வந்தார், அங்கேயும் ஹிங்கம் என்ற பெயர் கொண்ட ஊரில்தான் குடியேறினார். அவர் பேரன் மார்டெகாய் நியூ ஜெர்சி போய், அங்கிருந்து பென்சில்வேனியா போனார். 1736இல் மார்டெகாய் இறந்தபோது உயிலில் மூத்த மகன் ஜானுக்கு நியூ ஜெர்சியில் இருந்த 300 ஏக்கரை எழுதிவைத்தார். பென்சில்வேனியாவில் வாழ்ந்த ஜானுக்கு வேறொரு மாகாணத்தில் நிலம். பின்னாளில் ஜான் அதை விற்க, பென்சில்வேனியா லிங்கனும் நியூ ஜெர்சி லிங்கனும் ஒரே குடும்பம் என்பது எழுத்தில் நிலைத்தது. ஜனாதிபதி தேடிக் கிடைக்காமல் விட்ட கண்ணி ஒரு நிலப் பரிமாற்றத்துக்குள் இருந்தது. ஜான் 1768இல் தெற்கே இறங்கி வெர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் லின்வில் ஓடைக்கரையில் குடியேறினார். அவர் மகன்தான் நம் கேப்டன்.

இந்த இறக்கமும் தற்செயலானது இல்லை. பிலடெல்பியாவிலிருந்து ஷெனாண்டோவா வழியாகத் தெற்கே ஒரு பெரிய வண்டிப்பாதை இருந்தது. ஜெர்மானியர்களும் ஸ்காட்ச் ஐரிஷ்காரர்களும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் அந்த வழியாகத்தான் இறங்கினார்கள். பெர்க்ஸில் லிங்கன் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டார் போலப் பழகியவர்கள் டேனியல் பூன் குடும்பத்தார். ஒரு லிங்கன் ஒரு பூன் பெண்ணை மணந்தார். கெண்டக்கிக்கு வழி வெட்டிய பூனின் பேச்சு இந்தக் குடும்பத்தின் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. மேற்கே போனவர்கள் யாரும் தனியாகப் போகவில்லை. மச்சான், சகலை, பக்கத்து வயல்காரர், ஒரே தேவாலயத்தார் என்று கூட்டமாகத்தான் போனார்கள். உங்கள் ஆளின் பெயர் ஒரு கவுண்டியில் மறைந்துவிட்டால், அவருடைய பத்திரங்களில் சாட்சி போட்ட இரண்டு மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு அவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். பல தடவை அங்கேயே இவரும் இருப்பார்.

சரி, கேப்டனுக்கு வருவோம். முதலில் அகஸ்டா கவுண்டியின் மிலிஷியாவிலும், 1778இல் ராக்கிங்ஹாம் கவுண்டி பிரிந்தபின் அதன் மிலிஷியாவிலும் கேப்டனாக இருந்தார். அந்த இலையுதிர் காலத்தில் ஜெனரல் மக்கின்டோஷின் கீழ் ஒகாயோ ஆற்றுப் பக்கம் கோட்டை கட்டப் போன படையில் அவருடைய ஆட்கள் இருந்தார்கள். கவுண்டி பிரிந்த இந்த விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் வீட்டைவிட்டு நகராமலேயே அவருடைய ஆவணங்கள் ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடும். கெண்டக்கியே 1792 வரை வெர்ஜீனியாவின் பகுதி. 1776இல் அது ஒரே கவுண்டி, 1780இல் மூன்றானது, பிறகு பிரிந்துகொண்டே போனது. எந்த வருடம் எந்த ஊர் எந்தக் கவுண்டியில் இருந்தது என்ற அட்டவணையைத் தேடலுக்கு முன் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் உட்காரக் கூடாது.

1780இல் கேப்டன் லின்வில் ஓடை நிலத்தை விற்றார். அந்தக் கிரயத்தில் மனைவி பெயர் பெர்ஷீபா என்று இருக்கிறது. பழைய வாழ்க்கை வரலாறுகள் சில அவர் மனைவியை மேரி ஷிப்லி என்று எழுதியிருந்தன. அந்தக் காலத்துப் பெண்களின் பெயர் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு, நில விற்பனை அவற்றில் முக்கியமானது. மனைவிக்குச் சொத்தில் உரிமைப் பங்கு இருந்ததால் அவள் சம்மதம் தனியாகக் கேட்டு எழுதப்பட்டது. உங்கள் குடும்பத்துப் பாட்டிமார்களின் பெயர் தெரிய வேண்டுமென்றால் வாங்கிய பத்திரத்தைவிட விற்ற பத்திரத்தைப் பாருங்கள்.

இங்கே மனதை உறுத்தும் ஒரு செய்தியும் இருக்கிறது. ராக்கிங்ஹாம் கோர்ட் ஏடுகளில் பெரும் பகுதி 1864 ஜூனில், உள்நாட்டுப் போரின்போது, பாதுகாப்புக்காக வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டபோது ஜெனரல் ஹன்டரின் வடக்குப் படையிடம் சிக்கித் தீக்கிரையானது. எரிந்து மிஞ்சியவற்றைத்தான் இன்று படிக்கிறோம். அந்தப் படையின் தலைமைத் தளபதி ஜனாதிபதி லிங்கன். எரிந்தது அவர் பாட்டன் பூட்டன் வாழ்ந்த கவுண்டியின் நினைவு. உங்கள் தேடலிலும் எரிந்த கோர்ட் வரும், தயாராக இருங்கள். அப்போது அந்தக் கவுண்டி எதிலிருந்து பிரிந்ததோ அந்தத் தாய்க் கவுண்டியின் ஏடுகளையும் வரிப்பட்டியலையும் நாட வேண்டும்.

இனி, சேவைக்காக அரசு நிலம் கொடுத்தது என்ற பாட்டியின் கதை. இதைக் கவனமாகச் சோதியுங்கள். வெர்ஜீனியா நிலம் கொடுத்தது உண்மை, ஆனால் அது நிரந்தரப் படையிலும் மாகாணப் படையிலும் குறிப்பிட்ட காலம் இருந்தவர்களுக்கு. மிலிஷியாக்காரர்களுக்கு வழக்கமாக அது கிடையாது. கேப்டன் லிங்கன் கெண்டக்கி நிலத்தைக் காசு கொடுத்து வாங்கினார். 1779 சட்டப்படி வெர்ஜீனியா கஜானாவில் 100 ஏக்கருக்கு 40 பவுண்டு கட்டினால் ஒரு வாரன்ட், அதாவது அவ்வளவு நிலம் கோர உரிமை தரும் சீட்டு, கிடைக்கும். மதிப்பு விழுந்துகொண்டிருந்த காகிதப் பணத்தில் கட்டலாம் என்பதால் பலரும் கையில் இருந்ததை வாரன்டாக மாற்றினார்கள். கேப்டன் 1780 மார்ச்சில் 400 ஏக்கர் வாரன்டுகளை வாங்கினார். இப்படி வாங்கிய நிலம் மூன்றாம் தலைமுறைக்கு வரும்போது “போருக்காகக் கிடைத்தது” என்று மாறிவிடுவது சகஜம். யாரும் பொய் சொல்லவில்லை. தாத்தா சிப்பாய் என்பதும் தாத்தாவுக்கு நிலம் இருந்தது என்பதும் நினைவில் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன, அவ்வளவுதான்.

கெண்டக்கி நிலத்துக்கு நான்கு படிகள். வாரன்ட், அதை வைத்து இன்ன ஓடைப் பக்கம் இத்தனை ஏக்கர் என்று செய்யும் பதிவு, பிறகு சர்வே, கடைசியில் பட்டா. நான்கும் தனித்தனிக் காகிதம், நான்கிலும் தனித்தனிச் செய்தி. சர்வேதான் எனக்கு மிகப் பிடித்தது. ஜெஃபர்சன் கவுண்டியில் லாங் ரன் என்ற ஓடைக்கரையில் கேப்டனுக்கு 400 ஏக்கர் அளந்தது 1785 மே மாதம். காகிதத்தில் பெயர் “லிங்க்ஹார்ன்”. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். நிலத்தை அளக்கச் சங்கிலி பிடித்தவர்கள் பெயரும் அதில் உண்டு. அவர்களும் லிங்கன்கள்! சங்கிலி பிடிக்க யாரைக் கூப்பிடுவார்கள்? வீட்டு ஆட்களைத்தான். உங்கள் மூதாதையின் சர்வே கிடைத்தால் அந்தச் சங்கிலிக்காரர்கள் பெயரை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், பாதி உறவுமுறை அங்கேயே தெரிந்துவிடும். பெயரையும் விதவிதமான எழுத்தில் தேடுங்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் பிடிவாதமாக நின்று வருடக்கணக்கில் வீணாக்கியவர்களை நான் அறிவேன்.

அந்த சர்வே இன்னொரு வேலையும் செய்கிறது. 1785இல் கேப்டன் நிலம் அளக்கிறார் என்றால், பேரன் எழுதிய இரண்டு தேதிகளும் பிழை. அவர் இறந்தது 1786 மே மாதம். மூன்று மகன்களோடு வயலில் இருந்தபோது காட்டிலிருந்து சுட்டார்கள். மூத்தவன் மார்டெகாய் குடிசைக்கு ஓடித் துப்பாக்கியை எடுத்தான். நடுவிலவன் ஜோசையா பக்கத்தில் அரண் கட்டிய குடியிருப்பான ஹியூஸ் ஸ்டேஷனுக்கு ஆள் கூப்பிட ஓடினான். எட்டு வயது தாமஸ் தகப்பன் உடலருகே நின்றான். அவனைத் தூக்கப் போன செவ்விந்தியரை மார்டெகாய் சுட்டுக் கொன்றான். தன் மனதில் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்த கதை இது என்று ஜனாதிபதி ஒரு கடிதத்தில் எழுதினார். கதை உண்மை, தேதி பிழை. குடும்பக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நடந்ததை நம்புங்கள், எப்போது எங்கே என்பதைக் காகிதத்தில் பாருங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு எழுதும்போது இந்த இடத்தைத் தயவுசெய்து ஒரு பக்கமாக எழுதாதீர்கள். கெண்டக்கி ஆளில்லாத காடு அல்ல. ஷானி மக்களும் செரோக்கி மக்களும் வேட்டையாடிய மண். 1768இல் அந்த நிலத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டவர்கள் வடக்கே இருந்த இரோக்குவா கூட்டமைப்பினர். அங்கே வேட்டையாடிய ஷானிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதேபோல் வரிப்பட்டியலிலும் உயிலிலும் குதிரை, மாடுகளோடு அடிமைகளின் பெயரும் சொத்தாக எழுதப்பட்டிருக்கும். கண்டால் தாண்டிப் போகாமல் பெயரோடு எடுத்தெழுதி வையுங்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு உலகத்தில் கிடைக்கும் ஒரே எழுத்து அதுவாக இருக்கலாம்.

கேப்டன் உயில் எழுதாமல் செத்ததால் அன்றைய சட்டப்படி நிலம் மூத்த மகனுக்குப் போனது. தாமஸுக்கு ஒன்றும் இல்லை. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவரின் மகன் கூலி வேலையும் தச்சு வேலையும் செய்து வளர்ந்தது இதனால்தான். குடும்பம் ஏன் திடீரென்று ஏழையானது என்று குழம்பும்போது அந்தக் காலத்து வாரிசுச் சட்டத்தைப் பாருங்கள். பெர்ஷீபா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒகாயோ ஆற்றைவிட்டு விலகி வாஷிங்டன் கவுண்டிக்குப் போய்விட்டார்.

இது தெரியாததால் ஒரு பெரிய குழப்பம் வந்தது. ஜனாதிபதியின் பெற்றோரான தாமஸும் நான்சி ஹாங்க்ஸும் மணந்ததற்கு ஆதாரமே இல்லை என்று எதிரிகள் அவரைப் பற்றி அவதூறு பேசினார்கள். தேடியவர்கள் எல்லாரும் தம்பதியர் பிற்பாடு குடியிருந்த ஹார்டின் கவுண்டியில் தேடினார்கள். ஆனால் 1806 ஜூனில் கல்யாணம் நடந்தது வாஷிங்டன் கவுண்டியில். கல்யாணப் பத்திரம் அந்தக் கோர்ட்டில் 1878இல்தான் கிடைத்தது. ஜனாதிபதி இறந்து 13 வருடம் கழித்து. பெண் வீடு எங்கே இருந்ததோ அந்தக் கவுண்டியில் கல்யாண ஆவணத்தைத் தேடுங்கள்.

தாமஸ் கெண்டக்கியில் மூன்று பண்ணைகளில் இருந்தார், பட்டாத் தகராறு விடவில்லை. அங்கே மரம், பாறை, ஓடை வளைவு என்று நான்கு எல்லை சொல்லித்தான் நிலம் அளந்தார்கள். ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவர் நிலம் ஏறிக்கிடந்தது. அடிமைமுறை ஒரு காரணம், ஆனால் முக்கியமாக நிலப் பட்டாச் சிக்கல்தான் தகப்பனை வெளியேற்றியது என்று மகன் எழுதியிருக்கிறார். 1816 கடைசியில் ஒகாயோ ஆற்றைத் தாண்டி இண்டியானா போனார்கள். அங்கே மத்திய அரசே சதுரம் சதுரமாக அளந்து வின்சென்ஸ் ஊரின் நில அலுவலகத்தில் ஏக்கர் 2 டாலருக்கு விற்றது. 1830இல் மாட்டு வண்டியில் இல்லினாய்.

ஆற்றைத் தாண்டியது தேடுகிறவருக்கும் பெரிய மாற்றம். வெர்ஜீனியா, கெண்டக்கி நிலங்களுக்கு அந்தந்த மாநில ஆவணங்கள்தான். வெர்ஜீனியா நூலகத்தின் இணையத் தொகுப்பும், கெண்டக்கி மாநிலச் செயலர் அலுவலகத்தின் நிலப் பிரிவும் இலவசம். இண்டியானா, இல்லினாய், மிஸ்ஸூரி எல்லாம் மத்திய அரசு விற்ற நிலம். அவற்றின் முதல் பட்டாக்களை மத்திய நில மேலாண்மைத் துறையின் தளத்தில் பெயரைக் கொடுத்தே தேடலாம், பலவற்றின் படமும் கிடைக்கும்.

அப்புறம் பென்ஷன் கோப்புகள். உங்கள் மூதாதை 1832 வரை உயிரோடு இருந்திருந்தால் இதுதான் புதையல். 1818 சட்டம் நிரந்தரப் படையில் இருந்த ஏழைகளுக்கு மட்டும். 1832 சட்டம் மிலிஷியாவில் ஆறு மாதம் இருந்தவருக்கும் கதவைத் திறந்தது. கிழவர் உள்ளூர் கோர்ட்டில் நின்று எங்கே பிறந்தேன், எங்கிருந்து படைக்குப் போனேன், யார் கேப்டன், போருக்குப் பிறகு எங்கெங்கே வாழ்ந்தேன் என்று வாய்மொழியாகச் சொல்ல, எழுத்தர் எழுதினார். அவர் மேற்கே போன பாதை முழுவதும் அவர் வாயாலேயே வந்துவிடும். 1836க்குப் பிறகு விதவைகளும் விண்ணப்பித்தார்கள். கல்யாணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. தள்ளுபடியான மனுக்களையும் விடாதீர்கள், மேலும் மேலும் சாட்சி கேட்டதால் அவை சில சமயம் இன்னும் தடிமனாக இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தில் எல்லாம் இருக்கின்றன, இணையத்தில் படிக்கலாம். அதே நபரைப் பற்றி இல்லாவிட்டாலும் அவர் கேப்டனின் மற்ற ஆட்களுடைய மனுக்களைப் படியுங்கள். “இன்னாருடன் சேர்ந்து போனேன்” என்று அவர் பெயரை யாராவது சொல்லியிருக்கலாம். 1786இல் செத்த கேப்டன் லிங்கனுக்கு இந்தக் கோப்பு இருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் அவர் கதையில் நிலத்தை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது.

மக்கள்தொகைக் கணக்கைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், நிறையப் பேர் அதிலேயே தொடங்கி அதிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். 1850க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. கெண்டக்கியின் 1790, 1800 கணக்குகள் அழிந்துவிட்டன. அந்த இடைவெளிக்கு வருடாந்தர வரிப்பட்டியல்களைப் பயன்படுத்துங்கள். ஒரு வருடம் தகப்பன் பெயர் மறைந்து மகன் பெயர் அதே ஓடைக்கரையில் வந்தால், ஒரு சாவும் ஒரு வாரிசும் அங்கே இருக்கின்றன.

தேடலை மருமகனிடமிருந்து பின்னோக்கிச் செய்யுங்கள். 1780இல் கண்ட ஒரு பெயரைப் பிடித்து முன்னோக்கி வந்தால், ஒரே பெயர் கொண்ட வேறொருவரின் வம்சத்தைத் தத்தெடுத்துவிடுவீர்கள். கெண்டக்கியில் ஒரே சமயம் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தது சாதாரணம். சகோதரர்களையும் விடாதீர்கள். மார்டெகாய் லிங்கன் கடைசியில் இல்லினாயிலும் ஜோசையா இண்டியானாவிலும் குடியேறினார்கள், சகோதரிகள் கெண்டக்கியிலேயே இருந்தார்கள். நேர் வாரிசிடம் இல்லாத பைபிள் சகோதரி வீட்டுப் பெட்டியில் இருக்கலாம்.

அடுத்து எழுதும்போது மூன்று விஷயம் கேட்டுச் சொல்லுங்கள். மருமகனின் தாத்தா 1950 கணக்கில் எந்தக் கவுண்டியில் இருந்தார், குடும்பத்தில் மிஸ்ஸூரியில் யாருடைய கல்லறையாவது இருக்கிறதா, பாட்டி சொல்லும் கதையில் ஏதாவது ஓடையின் பெயர் வருகிறதா. மூன்றாவது கிடைத்துவிட்டால், கெண்டக்கி சர்வே ஏடுகளில் எங்கே பார்ப்பது என்பதை நானே உங்களோடு சேர்ந்து பார்க்கிறேன்.